இன்ஜினைத் திறக்கும் வேளை எது?



ஊழியத்துக்கு வருமுன் பல வருஷம் லாரி பட்டறையில் டீசல் இன்ஜின் வேலை செய்தவன் நான். இன்றைக்கும் வண்டி வைத்துப் பிழைக்கிற சகோதரர்கள், "ஐயா, இன்ஜினை இறக்கணுமா? இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா?" என்று கேட்கிறார்கள். பிள்ளைகளின் சாப்பாட்டுக் காசு அடங்கிய கேள்வி இது. அவசரப்பட்டுப் பிரித்தால் வீண் கடன். தள்ளிப்போட்டால் லோடோடு நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

டீசல் இன்ஜினின் உயிர் எங்கே இருக்கிறது தெரியுமா? அதில் பெட்ரோல் இன்ஜினைப்போல தீப்பொறி தருகிற பிளக் கிடையாது. உள்ளே வந்த காற்றை பிஸ்டன் ஏறக்குறைய 14 முதல் 22 மடங்கு வரை நெருக்குகிறது. அந்த நெருக்கத்திலேயே காற்று 500 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாகிறது. அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய நாள்முதல் இதுதான் அடிப்படை. ஆகவே கம்ப்ரஷன்தான் அதன் உயிர். ரிங்கும் லைனரும் தேய்ந்தால் கம்ப்ரஷன் கசியும். கசிந்தால் சூடு குறையும். சூடு குறைந்தால் நெருப்பு பற்றாது.

பிரியமானவர்களே, அடையாளங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, பேட்டரியும் ஸ்டார்ட்டரும் நன்றாயிருந்தும் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். எரியாத டீசல் வெள்ளைப் புகையாக வரும். இரண்டாவது, எங்கேயும் ஒழுகல் இல்லாமலே ஆயில் குடிக்கும். சைலன்சரில் நீலப் புகை தெரியும். மூன்றாவது, ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை தள்ளும். பிஸ்டனுக்கு மேலே நிற்க வேண்டிய அழுத்தம் கீழே இறங்குகிறது என்று அர்த்தம். நான்காவது, சூடானபின் ஐடிலில் ஆயில் பிரஷர் விழும். அடியிலிருந்து கனத்த தட்டல் கேட்கும். அது பேரிங் போடுகிற கூக்குரல். அதைக் கேட்டபிறகு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள்! கிராங்க் ஷாஃப்டும் சேர்ந்து போய்விடும்.

ஆனால் ஒரு அடையாளத்தை மாத்திரம் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். நீலப் புகை டர்போ சீல் போனாலும் வரும். வெள்ளைப் புகை நாசில் கெட்டாலும் வரும். பிரஷர் குறைந்ததாகக் காட்டுவது மீட்டரின் கோளாறாயிருக்கலாம். ஆயிலில் தண்ணீர் கலந்தால் ஹெட் காஸ்கெட்டோ ஆயில் கூலரோ மட்டும் போயிருக்கலாம்.

ஒரு சகோதரனுடைய லாரி கறுப்புப் புகை தள்ளியது, மேடு ஏறவில்லை. ஒரு பட்டறையில், "இன்ஜின் போச்சு, இறக்கியே ஆகணும்" என்று சொல்லிவிட்டார்கள். அவர் மனைவியின் தாலிச் சங்கிலியை அடகு வைக்கப் புறப்பட்டார். நான் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தேன். செம்மண் அடைத்து இறுகிக் கிடந்தது. புதுசு போட்டோம், புகை நின்றது, வண்டி மேடு ஏறியது. சங்கிலியும் அந்தச் சகோதரியின் கழுத்திலேயே இருந்தது!

தேவஜனமே, நாமும் இப்படித்தானே செய்கிறோம்? ஒரு சகோதரன் கூட்டத்தில் கோபமாய்ப் பேசிவிட்டால், "அவன் விழுந்துபோனான்" என்கிறோம். அவன் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று யார் விசாரித்தது? புகையைப் பார்க்கிறவர்கள் அநேகர். ஃபில்டரைக் கழற்றிப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர்?

அப்படியானால் நிச்சயத்தை எப்படி அறிவது? அளந்து பார்த்துத்தான். பேட்டரியை முழு சார்ஜில் வைத்து, ஒவ்வொரு சிலிண்டராகக் கம்ப்ரஷன் பாருங்கள். கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். ஒன்று மாத்திரம் குறைந்தால் கோளாறு அந்த இடத்தில். எல்லாமே சேர்ந்து இறங்கியிருந்தால் அது பொதுவான தேய்மானம். பழைய ஆயிலை லேபில் கொடுத்தால் அதிலும் சாட்சி உண்டு. இரும்பு ஏறினால் லைனர், ரிங் பக்கம் பாருங்கள். ஈயமும் செம்பும் ஏறினால் பேரிங்கைப் பாருங்கள். சிலிக்கான் ஏறினால் பெரும்பாலும் தூசி உள்ளே போகிறது. ஓடிய கிலோமீட்டர் மாத்திரம் தீர்ப்புச் சொல்லாது. ஒரே நாளில் வாங்கிய இரண்டு லாரியில், நேரத்துக்கு ஆயில் மாற்றியது ஓடும், மாற்றாதது நிற்கும்.

இன்னொரு தந்திரத்தையும் பட்டறையில் கண்டிருக்கிறேன். தேய்ந்த இன்ஜினில் கெட்டியான ஆயிலை ஊற்றுவார்கள். வெளியே கழுவிப் பெயிண்ட் அடிப்பார்கள். கொஞ்ச நாள் சத்தம் அடங்கும். ஆனால் தேய்மானம் அடங்குமா? அடங்காது! உள்ளே கசப்பை வைத்துக்கொண்டு மேலே அல்லேலூயா சொல்வது இதைப் போன்றதுதான். ஆராதனையில் சத்தம் இருக்கும். வீட்டு மேட்டில் ஏற பெலன் இருக்காது.

அன்பானவர்களே, நல்ல இன்ஜினை வீணாய்ப் பிரிக்க வேண்டாம். பிரிக்க வேண்டியதை மூடி மறைக்கவும் வேண்டாம். லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் மாற்றிச் சரியாய்ச் சேர்த்த இன்ஜின் திரும்பவும் பல வருஷம் பாரம் இழுக்கும். நம்மை உண்டாக்கினவருக்கு நம் உள்ளின் அளவு தெரியும். இந்த வாரம் ஒரு இராத்திரி முழங்காலில் நின்று, "ஆண்டவரே, என்னைத் திறந்து பாரும், மாற்ற வேண்டியதை மாற்றும்" என்று ஒப்புக்கொடுங்கள். அவர் கைபட்டது ஒன்றும் கழிவாகப் போகாது. ஆமென்.