குழாய் நீரும் கண்ணுக்கு எட்டாத உயிரும்

குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா என்ற கேள்வி 2004ஆம் ஆண்டு நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஆசார யூதக் குடும்பங்களிடையே எழுந்தது. நோய்க்கிருமி எதுவும் புதிதாக வந்துவிடவில்லை. தண்ணீரில் கோபிபாட் என்னும் சிற்றுயிர் இருப்பது தெரியவந்தது, அவ்வளவுதான். இறால், நண்டு ஆகியவற்றுக்கு உறவான இந்த உயிர் ஓரிரு மில்லிமீட்டர் நீளத்துக்கு மேல் வளர்வது அரிது. நியூயார்க் தண்ணீரில் இருந்தது குடித்தவருக்கு ஒரு கேடும் செய்வதில்லை. ஆனால் துடுப்பும் செதிலும் இல்லாத நீர்வாழ் உயிரை உண்ணலாகாது என்பது லேவியராகமத்தின் விதி.

நகரின் குடிநீரில் பெரும்பகுதி கேட்ஸ்கில், டெலவேர் நீர்ப்பிடிப்புப் பகுதிகளிலிருந்து வருகிறது. அங்குள்ள காடும் நிலமும் காக்கப்படுவதால், வடிகட்டும் ஆலை இல்லாமலே அந்த நீரை வழங்க 1993 முதல் அரசு விலக்கு அளித்திருக்கிறது. குளோரின் சேர்க்கிறார்கள்; 2013 முதல் புறஊதாக் கதிரும் பாய்ச்சுகிறார்கள். இரண்டும் கிருமியை ஒடுக்குமே தவிர, ஓடுள்ள பூச்சியை நீரிலிருந்து எடுத்துவிடாது.

விவாதம் முதலில் கண்ணைப் பற்றியதாக இருந்தது. நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் உயிருக்கு விலக்கு விதி பொருந்தாது என்பது யூதச் சட்டத்தில் பரவலாக ஏற்கப்பட்ட நிலை. 19ஆம் நூற்றாண்டின் சட்ட அறிஞர் யெஹியேல் மிகேல் எப்ஸ்டைன், தம் ‘அருக் ஹஷுல்கான்’ நூலில் இதற்குக் காரணம் சொல்கிறார்: காற்றிலும் நுண்ணுயிர் நிறைந்திருக்கிறது என்றால் வாயைத் திறக்கும் ஒவ்வொருவரும் குற்றவாளி ஆகிவிடுவார்; சட்டம் தேவதூதர்களுக்குத் தரப்பட்டதல்ல, மனிதர்களுக்குத் தரப்பட்டது. கோபிபாட் இந்த வரம்பின் விளிம்பில் நிற்கிறது. தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். அது உயிர் என்று அறியத்தான் உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். புள்ளியைக் கண்டாலே கண்டதாகுமா, இன்னதென்று தெரிந்தால்தானா? எருசலேமின் ரபி யோசேஃப் ஷாலோம் எலியாஷிவ் கடுமையான பக்கம் நின்றார். நியூயார்க்கின் ரபி யிஸ்ரோயல் பெல்ஸ்கி அந்த நீர் ஆகுமானதே என்றார்.

அடுத்தது இடம். கடலிலும் ஆற்றிலும் வாழ்பவையே விலக்கு. பாத்திரத்திலும் குழியிலும் தேங்கிய நீரில் தோன்றியவை, அந்த நீரை விட்டுப் பிரியாதவரை, விலக்கல்ல என்கிறது யூதச் சட்ட விவாதத் தொகுப்பான தால்முத். அணை கட்டித் தேக்கிய நீர் ஆறா, குழியா என்பதில் தொடங்கிய வாதம் இங்கே ஒரு விசித்திரமான திருப்பத்தை அடைகிறது. இரவில் பானத்தைச் சுள்ளிகளின் வழியே வடிக்க வேண்டாம் என்று தால்முதிலேயே ஓர் எச்சரிக்கை உண்டு. சுள்ளியில் தங்கிய பூச்சி மீண்டும் உள்ளே விழுந்தால், அதுவரை ஆகுமானதாக இருந்தது விலக்காகிவிடும். பிரிக்கும் செயலே விலக்கை உண்டாக்கக்கூடும் என்ற இந்த எண்ணம், அரைகுறை வடிகட்டியைவிட வடிகட்டாத நீரே மேல் என்ற முடிவுவரை கொண்டுபோகக்கூடியது.

பலர் எந்த முடிவுக்கும் காத்திராமல் வடிகட்டி பொருத்தினர். வீட்டுக்குள் நீர் நுழையும் குழாயிலேயே வைக்கும் கருவியில் வழக்கமாக இரண்டு கட்டங்கள் இருக்கும். முதலில் மண்ணையும் துருவையும் நிறுத்தும் நுண்வலை, பிறகு கரிப்படுகை. பெரும்பாலும் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்யப்படும் அந்தக் கரியின் ஒரு கிராமுக்குள் பல நூறு சதுர மீட்டர் பரப்பளவுக்கு நுண்துளைகள் உள்ளன. குளோரினும் வாடை தரும் சேர்மங்களும் அவற்றில் சிக்கிக்கொள்கின்றன. இலங்கையும் தென்னிந்தியாவும் இந்தக் கரியை ஏற்றுமதி செய்வதால், புரூக்ளின் வீட்டின் நிலவறையில் இருப்பது பொள்ளாச்சிச் சிரட்டையாகவும் இருக்கலாம். ஆனால் மதக் கேள்விக்கு விடை தருவது விலை குறைந்த வலைதான். கரி நாக்குக்காக.

ஓய்வுநாளில் வேறொரு முடிச்சு விழுகிறது. சப்பாத்தில் வேண்டியதிலிருந்து வேண்டாததைப் பிரித்தெடுப்பது தடுக்கப்பட்ட வேலைகளுள் ஒன்று. பெரும்பாலோர் அப்படியே குடிக்கும் தெளிந்த நீரை அன்று வடிகட்டினால் குற்றமில்லை. நீர் விலக்கானது என்று நம்புகிறவருக்கோ அது தெளிந்த நீர் அல்ல. ஆகவே கண்டிப்பானவர்தான் அன்று குழாயைத் திறக்க அஞ்ச வேண்டியிருக்கிறது. தளர்வானவர் தயங்காமல் திறக்கிறார். கருவி நுழைவாயிலில் இருந்தால் குழாயில் வருவது முன்பே வடிந்த நீர் என்பதால், செயலுக்கும் விளைவுக்கும் இடையே கொஞ்சம் தூரம் கிடைக்கிறது.

சமணர்களும் நீரை வடிகட்டியே பருகுகிறவர்கள். அவர்கள் அஞ்சுவது வேறொன்றுக்கு. உண்ணத் தகாதது வாய்க்குள் போய்விடும் என்பதல்ல கவலை, ஓர் உயிர் சாகும் என்பதே. அந்த அச்சம் கண்ணின் எல்லையில் நிற்பதில்லை. நீரையே உடலாகக் கொண்ட உயிர்களும் உண்டு என்கிறது சமணம். எந்தத் துணியும் அவற்றைப் பிரிக்காது. மடித்த பருத்தித் துணியில் வடித்த நீரும் இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம் மட்டுமே தகுதியுடையது. பிறகு அதில் உயிர்கள் மீண்டும் தோன்றும் என்பதால் திரும்ப வடிக்க வேண்டும். துறவிகள் காய்ச்சிய நீரையே ஏற்கிறார்கள். காய்ச்சுவதும் கொலை ஆகாதா என்ற கேள்விக்கு, மேலும் பல உயிர்கள் பிறந்து மடிவதை அது தடுக்கிறது என்பது தரப்படும் பதில். முழு நிறைவு தரும் பதில் என்று சொல்ல முடியாது.

உடல்நலம் இரு மரபுகளிலும் முதல் வாதமாக வருவதில்லை. வந்திருந்தால் வலுவாகவே இருந்திருக்கும். காலராக் கிருமி கோபிபாட்டின் உடலில் ஒட்டி வாழ்கிறது. பழைய சேலைத் துணியைப் பல மடிப்பாக்கி வடித்த வங்கதேசக் கிராமங்களில் காலரா ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததை நுண்ணுயிரியலாளர் ரீட்டா கோல்வெல் குழு 2003இல் வெளியிட்டது. நரம்புச் சிலந்திப் புழுவைச் சுமப்பதும் இதே இனத்து உயிர்தான்.

சமண வீட்டுக்காரருக்கு நுழைவாயில் கருவி அவ்வளவாகப் பொருந்தாது. வடிந்த நீர் உட்குழாய்களில் இரண்டு நாழிகைக்கு மேல் நிற்கும். கரி குளோரினை எடுத்துவிடுவதால் படுகையிலேயே பாக்டீரியா பெருகுகிறது. அவருக்கு வடிகட்ட வேண்டிய இடம் குழாயின் வாய். அங்கே துணி கட்டினாலும் வேலை பாதிதான் முடிகிறது. துணியில் தங்கியவற்றை வடித்த நீரால் மெல்ல அலசி, எடுத்த கிணற்றிலேயே சேர்க்க வேண்டும் என்பது விதி. கிணற்றுக்குச் செய்ய முடிந்ததை நகராட்சிக் குழாய்க்குச் செய்ய வழியில்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை கழற்றும் வடிகட்டிச் சுருள் புரூக்ளின் யூதருக்கு வெறும் குப்பை. சமணருக்கோ, திருப்பி அனுப்ப வேண்டியிருந்தவை அதில்தான் தங்கியிருக்கின்றன.