பிரம்பின் மேல் இருந்த கண்கள்

பழனிக்கு அண்மையிலுள்ள கீரனூரில், சுபுஹுத் தொழுகை முடிந்த சற்று நேரத்தில், தொப்பியும் முக்காடுமாய், ஜுஸ்வை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மக்தபுக்கு விரையும் பிள்ளைகளைக் காணலாம். அதே பிள்ளைகள் பின்னர்ப் பள்ளிக்கூடம் செல்கின்றனர். அங்கே அவர்களை அடிக்க முடியாது. 2003இல் தமிழ்நாட்டுக் கல்வி விதிகள் திருத்தப்பட்டுப் பிரம்படி விலக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம், தன் 17ஆம் பிரிவில், உடலை வருத்துவதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் ஒருங்கே தடுத்தது. ஆனால் 2012இல் வந்த திருத்தம் மதரஸாக்களையும் வேத பாடசாலைகளையும் அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிறுத்தியது. மார்க்கக் கல்வியின் உரிமை காக்கப்பட்டதென மகிழ்ந்தோம். அதில் நியாயமும் உண்டு. எனினும் அந்தச் சலுகையின் நிழலில் பிரம்பும் ஒதுங்கி நிற்கின்றதே! அரசு கேட்கவில்லை என்பதால் அல்லாஹ்வும் கேட்கமாட்டானா?

"கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள் ஹளரத்" என்று பிள்ளையை ஒப்படைக்கும் தந்தையர் இன்றும் உளர். உஸ்தாத் அடித்த இடத்தை நரக நெருப்புத் தீண்டாது என்றொரு பேச்சும் வழங்குகிறது. எந்தக் கிதாபில் என்று வினவினால் விடையில்லை. ஆதாரமாகக் காட்டப்படுவதெல்லாம், ஏழு வயதில் தொழுகையை ஏவிப் பத்து வயதில் தவறினால் அடிப்பது பற்றி அபூதாவூதில் வரும் நபிமொழியே. அவ்விரு வயதுகளுக்கும் இடையே மூன்று ஆண்டுகள் கிடக்கின்றன. நாளுக்கு ஐந்து வேளை என்று எண்ணிப் பாருங்கள். ஐயாயிரம் தடவைக்கு மேல் வாயால் சொல்லியாக வேண்டும். நம்மில் எவர் ஐந்து தடவையேனும் பொறுமையோடு சொல்லியிருக்கிறோம்? மேலும் அது தொழுகைக்குச் சொல்லப்பட்டது. ஆறு வயதுப் பிள்ளை அடுத்தவனோடு பேசியதற்கன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்குச் சிறுவராக வந்து பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், அண்ணலார் ஒருமுறைகூடத் தம்மைச் 'சீ' என்றதில்லை எனச் சான்று பகர்கின்றார்கள்.

1377இல் முகத்திமாவை எழுதி முடித்த இப்னு கல்தூன், கடுமையால் வளரும் பிள்ளை பொய்யையும் சூதையும் கற்றுக்கொள்வதை அந்நூலில் தனியாகவே எடுத்து விளக்குகின்றார். ஓதிய காலத்தில் அதைப் படித்தோம், விளங்கியது பின்னர்தான்.

முன்பு நாம் ஓதிக் கொடுத்த மக்தபொன்றில், ஒருநாள் ஜுஸ்வின் ஏடொன்று கிழிந்து கிடந்தது. யார் கிழித்ததென்றோம். எட்டு வயதுச் சிறுவன் ஒருவன், அன்று வராத பிள்ளையின் பெயரைச் சொன்னான். கிழிந்த துண்டோ அவன் கையிலேயே இருந்தது. அடித்தோம், பொய் சொன்னதற்காக. பிரம்பைக் கீழே வைத்தபோதுதான் கண்டோம்: அவன் கண்கள் நம் முகத்தில் இல்லை, பிரம்பின் மேல் இருந்தன. அந்தப் பொய்யை அவனுக்கு ஓதிக் கொடுத்தவர் நாமே.

மறுநாள் பசை காய்ச்சிக் கொண்டுபோய் அவனையே ஒட்டச் சொன்னோம். ஒட்டினான், கோணலாகத்தான். அதன் பிறகு கிழித்தவன் ஒட்டுவான், சிந்தியவன் துடைப்பான், ஓதுகிறவனைக் குழப்பியவன் அவன் ஓதி முடிக்கும்வரை நம் பக்கத்தில் அமர்ந்திருப்பான் என்றாயிற்று. பிரம்பில்லாத முதல் மாதம் கூச்சல் தாங்கவில்லை; மறைப்பானேன்? மோதினார் இருமுறை எட்டிப் பார்த்துச் சென்றார். பிறகும் முழு அமைதி வந்ததில்லை. ஆனால் ஏடு கிழிந்தால், "நான்தான் ஹளரத்" என்றொரு குரல் வரத் தொடங்கியது.