அட்டை மட்டும் போதுமா?

வேதபகுதி: லூக்கா 14:25-33

சீஷனாக விரும்புகிறவன் முன்னதாகவே செல்லுஞ் செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று ஆண்டவர் போதித்தார். அக்கணக்கைப் பார்த்தே முன்சென்றவர் சகோதரர் பக்த்சிங்.

1903-ஆம் ஆண்டு பஞ்சாபில் சீக்கியக் குடும்பத்தில் பிறந்த அவர், மாணவப் பருவத்தில் தமக்குக் கிடைத்த வேதாகமத்தைக் கிழித்தெறிந்து, அழகிய அட்டையை மாத்திரம் வைத்துக்கொண்டார். பின்னர் பொறியியல் பயில வெளிநாடு சென்றவர், 1929-இல் கனடாவின் வின்னிபெக் நகரில் புதிய ஏற்பாட்டை வாசிக்கையில் கிறிஸ்துவை இரட்சகராக ஏற்றுக்கொண்டார்.

1933-இல் தாயகம் திரும்பியபோது, பம்பாயில் அவரைச் சந்தித்த பெற்றோர், குடும்ப மானத்தை முன்னிட்டு விசுவாசத்தை மறைத்துவைக்கும்படி வேண்டினர். வேண்டியவர்கள் பகைவரல்லர், பெற்று வளர்த்தவர்கள். ஆயினும் அவர் இசையவில்லை. பெற்றோர் அவரைத் தனியே விட்டுச் சென்றனர். வீட்டை இழந்தவர் வீதிகளில் நற்செய்தி கூறலானார்.

1941-இல் சென்னைப் பல்லாவரம் மலையில் இரவெல்லாம் ஜெபித்தபின் சபை ஊழியம் உருப்பெற்றது. பிற்காலத்தில் ஐதராபாத்திலுள்ள எப்ரோன் அதன் மையமாயிற்று. அங்கு நடந்த பரிசுத்த சபைகூடுதல்களில் பல மொழியினரும் பல குலத்தினரும் தரையில் அருகருகே அமர்ந்து ஒரே பந்தியில் உண்டனர். ஒரு வீட்டை இழந்தவருக்குத் தேவன் பெருங்குடும்பத்தையே அருளினார். 2000 செப்டம்பர் 17 அன்று அவர் ஐதராபாத்திலேயே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

அட்டையை மட்டும் வைத்துக்கொள்ளும் கிறிஸ்தவம் இன்றும் உண்டு. ஞாயிறுதோறும் வேதாகமம் கையிலிருக்கும். விலை கேட்கும் பக்கங்களோ வாழ்வில் இராது. பக்த்சிங் அந்தப் பக்கங்களை முழங்காலில் நின்று வாசித்தார், வாசித்தபடியே கீழ்ப்படிந்தார். ஆவிக்குரிய வளர்ச்சி அங்கேதான் தொடங்குகிறது.