வாசலுக்கு வெளியே உட்கார்ந்தவர்



சில வாரங்களுக்கு முன், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து எல்லாரும் அண்ணனூர் ஸ்டேஷன் பக்கம் போன பிறகு, ஒரு சகோதரி மாத்திரம் போகாமல் நின்றாள். "பாஸ்டர் ஐயா, பையன் ஒரு வாரமா இஸ்கூலுக்குப் போ மாட்டேங்குறான். கையில கலர் கயிறு கட்டிக்கினு நாலு பசங்க சாதியச் சொல்லி அடிக்கிறாங்களாம். போலீசுக்குப் போனா, எந்த ஏரியா, என்ன ஆளுன்னு கேட்டுட்டு, உங்க பசங்கதான் வம்பு பண்ணியிருப்பாங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க" என்று அழுதாள். நான் அவளுக்காக ஜெபித்தேன். "விசுவாசமா இரும்மா, கர்த்தர் பாத்துக்குவார்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆவியானவர் என் உள்ளத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நீ பாத்துக்கணும்னுதானே அவளை உன்கிட்ட அனுப்பினேன்?"

பிரியமானவர்களே, நாங்குநேரியை நாம் அதற்குள் மறந்துவிட்டோமா? 2023 ஆகஸ்ட் 9-ந் தேதி இரவு, பிளஸ் டூ படித்த 17 வயது தலித் பிள்ளையைக் கூடப் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க ஓடிவந்த தங்கைக்கும் வெட்டு. அவன் செய்த குற்றம் என்ன? தன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்று பள்ளிக்கூடத்தில் வாய் திறந்து சொன்னதுதான்! அந்தப் பிள்ளை பிழைத்தெழுந்து, 2024-ல் 600-க்கு 469 மார்க் வாங்கினான். அதன்பின் அரசாங்கம் அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டுகிற கலர் கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் ஒன்றும் பள்ளிக்கூடத்தில் கூடாது என்று சொன்னது.

ஆதியாகமம் 21-ஐ வாசித்துப் பாருங்கள். ஆகார் தன் பிள்ளையைச் செடியின் கீழே விட்டுவிட்டு, சாகிறதைப் பார்க்க மனமில்லாமல் தூரமாய்ப் போய் உட்கார்ந்து அழுதாள். தேவன் பிள்ளையின் சத்தத்தைக் கேட்டார். கேட்டதோடு விடவில்லை. எழுந்துபோய் அவன் கையைப் பிடி என்று தாய்க்குச் சொன்னார். நானோ ஜெபத்தைக் கொடுத்தேன், கையைக் கொடுக்கவில்லை.

நாம் பெந்தெகொஸ்தேக்காரர், அசுசா தெரு எழுப்புதல் என்று பெருமையாய்ச் சொல்லுகிறோம். அந்த எழுப்புதலை நடத்தின வில்லியம் சீமோர் யார் தெரியுமா? அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்த கறுப்பின ஊழியர். 1906-ன் துவக்கத்தில் ஹூஸ்டன் நகரத்தில் வேதபாடம் கற்கப் போனார். வெள்ளையரோடு ஒரே அறையில் உட்கார விடாத காலம் அது. வகுப்புக்கு வெளியே நடையில் உட்கார்ந்துதான் பாடம் கேட்டார். அதே வருஷம் ஏப்ரலில் லாஸ் ஏஞ்சல்ஸில் தேவன் அக்கினியை ஊற்றினார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தரையில் முழங்கால் போட்டார்கள். வாசலுக்கு வெளியே உட்கார வைக்கப்பட்டவரைக் கொண்டே எழுப்புதல் வந்தது! அப்படியிருக்க, ஒரு பிள்ளையைப் பள்ளி வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, நாம் எந்த எழுப்புதலுக்காகக் காத்திருக்கிறோம்?

"போலீஸ், கேஸ் எல்லாம் விசுவாசிக்குத் தேவையா பாஸ்டர்?" என்று சிலர் கேட்கலாம். அப்போஸ்தலர் 16-ல் பவுலையும் சீலாவையும் விசாரணையில்லாமல் அடித்துச் சிறையில் போட்டார்கள். காலையில் சத்தமில்லாமல் அனுப்பிவிடப் பார்த்தபோது பவுல் ஒத்துக்கொள்ளவில்லை. தன் குடியுரிமையைச் சொல்லி, அதிகாரிகளே நேரில் வரட்டும் என்றார். நம் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி மலைமக்களும் அப்படித்தான் நின்றார்கள். 1992 ஜூன் 20-ல் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் அந்த ஊருக்குள் புகுந்து செய்த அக்கிரமத்தில் 18 பெண்கள் சீரழிக்கப்பட்டார்கள். 2011-ல், உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று கோர்ட் தீர்த்தது. 2023 செப்டம்பர் 29-ல் ஹைகோர்ட்டும் அதை உறுதி செய்தது. 31 வருஷம்! அந்தத் தாய்மார் சோர்ந்து போகவில்லை.

இன்னொன்றும் சபையார் அறிய வேண்டும். 1950-ஆம் ஆண்டு ஆணைப்படி, தலித் மக்கள் கிறிஸ்தவர்களானால் பட்டியல் சாதியில் சேரமாட்டார்கள். ஆகையால் 1989-ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவர்களுக்குத் துணை நிற்பதில்லை. ஞானஸ்நானம் எடுத்ததும் அரசாங்கக் காகிதத்தில் சாதி மாறுகிறது, தெருவில் மாறுகிறதா? அப்படியானால் சபை எவ்வளவு அதிகமாய்த் துணை நிற்கவேண்டும்! பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றத்துக்கான புகாரை வாயால் சொன்னாலும் போலீசார் எழுதி, வாசித்துக் காட்டி, எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாய்க் கொடுக்கவேண்டும். மறுத்தால் மேலதிகாரிக்கு எழுதி அனுப்பலாம். பிள்ளைகளுக்கு ஆபத்தென்றால் 1098-க்கு போன் போடலாம்.

திங்கட்கிழமை நானும் இரண்டு மூப்பர்களும் அந்தச் சகோதரியோடு போனோம். தலைமையாசிரியரைப் பார்த்தோம். ஸ்டேஷனில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, மனு கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினோம். காரியம் இன்னும் முடியவில்லை. ஆனால் தினமும் காலையில் ஒரு மூப்பர் பையனைக் கேட் வரைக்கும் கூட்டிப் போகிறார். பையன் போகிறான். ஸ்தோத்திரம்!

இதை எழுத என் கை நடுங்குகிறது. அடித்த அந்த நாலு பேரில் ஒருவன் நம் சபைப் பிள்ளை. வீட்டுக்கு வரும்போது கயிற்றைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வானாம். அவனுக்குக் கயிறு கட்டினது யார்? கல்யாணப் பேச்சில் முதலில் சாதியைக் கேட்கிற நாம்தானே! பெற்றோரே, இன்று இரவு பிள்ளையின் பையைத் திறந்து பாருங்கள். அதற்கு முன்னே உங்கள் இருதயத்தைத் திறந்து பாருங்கள்.

ஜெபிப்போம். ஆண்டவரே, எங்கள் கைகளிலும் மனங்களிலும் இருக்கிற கயிறுகளை அறுத்துப்போடும். அழுகிற பிள்ளையின் கையைப் பிடிக்க எங்களை எழுப்பும். காக்கி உடுத்தினவர்களுக்கு நியாயம் செய்கிற இருதயத்தைத் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே, ஆமென்.