மௌனத்துக்கும் காவல் வேண்டும்

பதினைந்து வயதுப் பிள்ளை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கவுன்சிலிங் என்றாலே "நான் வரமாட்டேன்" என்கிறது. திருவண்ணாமலையில் அந்தப் பெற்றோருக்கு ஓர் ஆறுதல் தயாராக இருக்கிறது: "பேசாம உட்கார்ந்த பையன்தானே இந்த ஊர்ல மகான் ஆனார், விடுங்க." 1896 செப்டம்பர் 1ஆம் தேதி, பதினாறு வயதில் இங்கே வந்து சேர்ந்த வேங்கடராமன்தான் ரமண மகரிஷி என்பது உண்மை. ஆனால் அந்தக் கதையின் மறுபாதியை நாம் சொல்வதில்லை. கோயிலின் நிலவறையான பாதாள லிங்கத்தின் இருட்டில் அவர் அமர்ந்திருந்தபோது பூச்சிகள் தொடையைக் கடித்துப் புண்ணாக்கின, சிறுவர்கள் கல்லெறிந்தார்கள். இதே ஊரில் இருந்த துறவி சேஷாத்ரி சுவாமிகள் காவல் நின்றார். ரமணருடைய தவம் வேறு, ஒரு பிள்ளையின் மனச்சோர்வு வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்தாலும்கூட, தனியே விட்டுவிடு என்று அந்தக் கதை சொல்லவில்லை.

விட்டுவிட்டால் தானாகச் சரியாகும் என்பதற்கு ஆதாரமும் இல்லை. 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுக்குள் 7.3 சதவீதம் பேருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாகக் கணித்தது. தூக்கமும் சாப்பாடும் கெட்டு, நண்பர்களை ஒதுக்கி வாரக்கணக்கில் ஒரு பிள்ளை ஒடுங்கிக் கிடந்தால், அது வயசுக் கோளாறு அல்ல. அதற்காக இழுத்துக்கொண்டு போவதும் பயன் தராது. "காய்ச்சலுக்கு ஊசி போட பிள்ளையிடம் அனுமதியா கேட்கிறோம்?" என்று கேட்கலாம். ஊசி மருந்து, பிள்ளை முறைத்துக்கொண்டிருந்தாலும் உடம்பில் வேலை செய்யும். கவுன்சிலிங்கில் அந்தப் பிள்ளையின் பேச்சுதான் மருந்து. பொய் சொல்லி அழைத்துப் போனால் வாய் பூட்டிக்கொள்ளும், பெற்றோர்மேல் இருந்த நம்பிக்கையும் போய்விடும். மறுப்புக்குப் பின்னால் பெரும்பாலும் பயம் இருக்கிறது: தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் "லூசு" என்ற பெயர் வந்துவிடுமோ, சொன்னதெல்லாம் அப்பா காதுக்குப் போய்விடுமோ.

அந்தப் பயத்துக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். பிள்ளை வராவிட்டால் பெற்றோர் முதலில் போகலாம். 14416 என்ற இலவச எண்ணில், அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸ் ஆலோசகரிடம் வீட்டிலிருந்தே பேசலாம். ஆலோசகர் ஆணா பெண்ணா, பேச்சு நேரிலா போனிலா என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். உயிருக்கு ஆபத்தானதைத் தவிர மற்றதை ஆலோசகரிடம் துருவிக் கேட்கமாட்டோம் என்று வாக்குக் கொடுத்து, அதைக் காப்பாற்ற வேண்டும். இதைச் சொல்ல, கூட்டமில்லாத நாளில் மலையைச் சுற்றும் கிரிவலப் பாதையைவிட நல்ல இடம் ஏது? பதினான்கு கிலோமீட்டரும் அருகருகே நடக்கும்போது முகம் பார்க்க வேண்டியதில்லை. பிள்ளைகளுக்குப் பேச்சு அப்போதுதான் வரும். விபூதியும் பிரார்த்தனையும் கூடவே இருக்கட்டும், சிகிச்சைக்குப் பதிலாக மட்டும் வேண்டாம்.

ஆனால் சாவைப் பற்றிப் பேசினாலோ, தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டாலோ சம்மதத்துக்குக் காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாதாள லிங்கத்தில் புண்பட்டுக் கிடந்த அந்தப் பையனையும் சிலர் கேட்காமலேதான் வெளிச்சத்துக்குத் தூக்கி வந்தார்கள். அதன் பிறகும் அவர் விரும்பிய வரைக்கும் பேசாமல் இருந்தார். வாயில் உணவு ஊட்டுவதற்கு மட்டும் பக்கத்தில் ஆள் இருந்தது.