மீட்டரை எடுங்கள், அளந்து பாருங்கள்!

“கரண்ட் வேலையெல்லாம் எனக்கு வராது சார்.”

இதைச் சொல்லும்போது நம் குரலில் கூச்சம்கூட இருப்பதில்லை. முப்பது வருஷம் சர்வீஸ் போட்டவர் சொல்கிறார். கோடிக்கணக்கில் வரவு செலவு பார்ப்பவர் சொல்கிறார். நாடு விட்டு நாடு தனியாக வண்டி ஓட்டிப் போகிறவர் சொல்கிறார். உங்களுக்கு வராது என்று யார் சொன்னது? எந்தப் பரீட்சையில் தோற்றீர்கள்? ஒரு தடவையாவது மல்டிமீட்டரைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டா இந்தத் தீர்ப்பை எழுதினீர்கள்?

பிரிட்டனில் மோட்டார்ஹோம் வைத்திருப்பவர்களை இந்தப் பயம் என்ன பாடு படுத்துகிறது பாருங்கள். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு ஓடும் வீடு அது. இன்ஜினை ஸ்டார்ட் செய்ய ஒரு பேட்டரி. வீட்டுப் பகுதிக்கு இன்னொரு பேட்டரி. விளக்கு, தண்ணீர் பம்ப், ஹீட்டரின் விசிறி எல்லாம் இந்த இரண்டாவதை நம்பித்தான். வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர் அதற்குச் சார்ஜ் ஏற்ற வேண்டும். முகாம் திடலில் நிறுத்தி 230 வோல்ட் இணைப்புக் கொடுத்தால் உள்ளே இருக்கும் சார்ஜர் ஏற்ற வேண்டும். கூரையில் சோலார் இருந்தால் அதுவும் ஏற்ற வேண்டும். இத்தனை வழி இருந்தும், ஸ்காட்லாந்து மலைப்பக்கம் ஜனவரி இரவில் பேட்டரி இறங்கி ஹீட்டர் நின்றுபோகிறது. “பேட்டரி போச்சு, மாத்துங்க” என்கிறார் பணிமனைக்காரர். மாற்றுகிறார்கள். அடுத்த குளிர்காலத்தில் மறுபடி அதே கதை! பழி பேட்டரி மேல் விழுகிறது. அதைப் பட்டினி போட்ட சார்ஜிங்கை யாரும் விசாரிப்பதில்லை.

“பலகையில் பச்சை விளக்கு எரிந்ததே?” என்பார்கள். சார்ஜருக்குக் கரண்ட் வருகிறது என்பதைத்தான் அந்த விளக்கு சொல்கிறது. பேட்டரிக்குள் என்ன போய்ச் சேர்கிறது என்பது அதற்குத் தெரியாது. அது தெரிய வேண்டுமானால் பேட்டரியின் ஈயமுனை மேலேயே மீட்டரின் ஊசியை வைக்க வேண்டும். வைப்பதற்கு உங்கள் கை போதும்.

மீட்டரை நேர்மின்சாரம் 20 வோல்ட் அளவில் திருப்புங்கள். கறுப்பு வயர் பொதுத் துளையில், சிவப்பு வயர் வோல்ட் துளையில். சிவப்பைப் பத்து ஆம்பியர் துளையில் செருகிவிட்டு பேட்டரியைத் தொட்டால் ஷார்ட் ஆகிவிடும். அதை மட்டும் இரண்டு தடவை பாருங்கள். மோதிரம், வளையல், உலோகப் பட்டை வாட்ச் எல்லாம் கழற்றி வையுங்கள். 12 வோல்ட் உங்களைத் தூக்கி அடிக்காது. ஆனால் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு ஸ்பானர் விழுந்தால் அது பழுத்துச் சிவக்கும். சார்ஜ் ஏறும் ஈயப் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கிளம்பும். பக்கத்தில் நெருப்பு கூடாது. 230 வோல்ட் பக்கத்துக் கம்பிகளைத் தகுதி பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். எங்கே கை வைக்கக் கூடாது என்று தெரிந்தவனுக்குத்தான் மற்ற இடத்தில் கை நடுங்காது.

முதலில் ஓய்வு அளவு. சார்ஜும் ஏறாமல், எதுவும் எரியாமல் சில மணி நேரம் கிடந்த ஈயப் பேட்டரி 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 11.8 பக்கம் வந்துவிட்டால் காலி. அடிக்கடி பாதிக்குக் கீழே இறங்கவிட்டு அப்படியே போட்டுவைத்தால், தகடுகளில் ஈய சல்பேட் இறுகி பேட்டரியின் ஆயுள் சுருங்கும்.

அடுத்தது 230 வோல்ட் சார்ஜர். இறங்கிய பேட்டரிக்கு நல்ல சார்ஜர் 14.4 வோல்ட் அளவுக்கு ஏற்றி, நிறைந்த பிறகு 13.5க்கும் 13.8க்கும் நடுவே இறங்கி நிற்கும். ஜெல் பேட்டரிக்கு உச்சம் சற்றுக் குறைவு. லித்தியத்துக்கு வேறு கணக்கு, பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜே ஏற்றக் கூடாது. உங்கள் பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் அதற்குரிய எண் இருக்கும். படியுங்கள்! பழைய வண்டிகள் பலவற்றில் சார்ஜர் 13.8ஐத் தாண்டவே தாண்டாது. அப்படியானால் ஒரே ராத்திரியில் பேட்டரி நிறையும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இனிதான் முக்கியமான இடம். இன்ஜின் ஓடுகிறது. ஆல்டர்னேட்டர் பக்கம் 14.4. வீட்டுப் பேட்டரியிலோ 13.5. மிச்சம் 0.9 வோல்ட் எங்கே போனது? பெரும்பாலும் கம்பி தின்றுவிட்டது. 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, போக 5 மீட்டர், திரும்பி வர 5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மின்தடை ஏறக்குறைய 0.029 ஓம். 30 ஆம்பியர் ஓடினால் 30ஐ 0.029ஆல் பெருக்குங்கள்: 0.87 வோல்ட். களவு போன இடம் தெரிந்துவிட்டதா? அதே தூரத்துக்கு 16 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் இழப்பு 0.32தான். பேட்டரி நிறைந்திருக்கும்போது அளந்தால் இது அகப்படாது, ஏனென்றால் அப்போது ஓடும் ஆம்பியரே குறைவு. பாதி இறங்கியிருக்கும்போது அளந்து பாருங்கள்.

ஒரே ஒரு பெருக்கல்! இதற்கா பயந்தோம்? இந்தப் பெருக்கலை உலகுக்குக் கொடுத்தவர் ஜார்ஜ் ஓம். 1789இல் ஜெர்மனியின் எர்லாங்கனில் ஒரு பூட்டுத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். கொலோன் நகரில் பள்ளிக்கூட வாத்தியார். கம்பியின் நீளத்தை மாற்றி மாற்றி, பொறுமையாக அளந்து அளந்து விதியைக் கண்டார். 1827இல் புத்தகமாக வெளியிட்டபோது சொந்த நாட்டில் அதை மதித்தவர்கள் குறைவு. தாம் அளந்த அளவை அவர் கைவிடவில்லை. 1841இல் லண்டன் ராயல் சொசைட்டி காப்லி பதக்கத்தைக் கொடுத்தது. நேரில் அளந்தவனிடம் இருக்கும் உறுதியை எந்தப் பட்டமும் தந்துவிடாது, எந்த ஏளனமும் பறித்துவிடாது. உங்களுக்கும் அது வேண்டும்.

கம்பி சரியாக இருந்தும் வோல்ட் குறைகிறதா? ஓடும் இன்ஜினோடு ஃபியூஸ் ஹோல்டரின் இரண்டு பக்கமும் ஊசிகளை வையுங்கள். ரிலேயின் இரண்டு பக்கமும் வையுங்கள். எர்த் கம்பியை வண்டியின் உடம்பில் பூட்டிய இடத்திலும் வையுங்கள். நல்ல இணைப்பு ஏறக்குறைய பூஜ்யம் காட்டும். எங்கே 0.3 என்று நிற்கிறதோ அங்கே லூஸ் காண்டாக்ட், அல்லது வெள்ளையாகப் பூத்துப்போன முனை. துடைத்து, முறுக்கி, திரும்ப அளந்து பாருங்கள். யூரோ 6 புகை விதிக் காலத்துப் புது வண்டிகளில் ஆல்டர்னேட்டர் எரிபொருளை மிச்சப்படுத்த வோல்ட்டைத் தானே ஏற்றி இறக்கும், 12.5க்கு வருவதும் உண்டு, பிரேக் பிடிக்கும்போது 15ஐ எட்டுவதும் உண்டு. அது கோளாறு இல்லை. அந்த வண்டிக்கு இரண்டு பேட்டரிக்கும் நடுவே ஒரு பேட்டரி-டு-பேட்டரி சார்ஜர் வேண்டும், அவ்வளவுதான்.

மோட்டார்ஹோம் இல்லாதவர் ஒதுங்க வேண்டாம். மதுரையில் உங்கள் வீட்டு இன்வெர்ட்டரின் கீழே இருப்பதும் பெரும்பாலும் அதே ஈயப் பேட்டரி. ஓய்வு எண்களும் அவையேதான்.

நாளைக் காலையிலேயே அளந்துவிடுங்கள். வந்த எண்ணைத் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். மாதம் ஒரு தடவை அதற்குக் கீழே அடுத்த எண்ணை எழுதுங்கள். இனிமேல் பணிமனைக்குப் போனால் “பேட்டரி ஏதோ சரியில்லை, பாருங்க” என்று கையைப் பிசையாதீர்கள். “இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.5தான் வருகிறது, ஃபியூஸ் ஹோல்டரில் 0.3 விழுகிறது, முதலில் அதை மாற்றுங்கள்” என்று நிமிர்ந்து சொல்லுங்கள்.