மௌன மடத்து மதுவும் அளவு என்னும் அறமும்

உழைத்துத் திரும்பிய ஒருவர் தம் வீட்டின் ஓய்வில், தொண்டையை எரிக்காத மென்மையான மது ஒன்றைத் தேர்ந்து சிறுகச் சிறுகப் பருகுவது அறத்துக்கு உடன்பாடான செயலா என்னும் வினா எல்லாச் சமயங்களிலும் ஒரே வடிவில் எழுவதில்லை. மதுவை முற்றாக விலக்கிய இஸ்லாமிய மரபிலும், மயக்கந்தரும் குடியைக் கவனமின்மையின் பிறப்பிடமாகக் கருதி ஐந்தாம் சீலத்தால் தடுத்த பௌத்தத்திலும் இவ்வினா பெரும்பாலும் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. வழிபாட்டின் நடுவிலேயே திராட்சை இரசத்தை வைத்திருக்கும் கத்தோலிக்கத் திருச்சபையோ மதுவைத் தீயது என்று ஒதுக்கவும் முடியாமல், குடிவெறியைப் பொறுத்துக்கொள்ளவும் முடியாமல், இரண்டுக்கும் இடையிலுள்ள எல்லையை நூற்றாண்டுகளாக அளந்து வந்திருக்கிறது. அந்த அளவீட்டின் மிகக் கூர்மையான சோதனை, உலகின் புகழ்பெற்ற மென்மதுக்களுள் ஒன்றைக் காய்ச்சி வடிப்பவர்கள் மிகக் கடுமையான துறவிகள் என்னும் உண்மையில் அடங்கியிருக்கிறது.

1084ஆம் ஆண்டில் கொலோன் நகரத்துப் புரூனோ ஆறு தோழர்களுடன் பிரான்சின் கிரனோபிள் நகருக்கு அருகிலுள்ள ஷார்த்ரூஸ் மலைகளில் குடியேறியதிலிருந்து கார்த்தூசியர் சபை தொடங்குகிறது. அச்சபையின் துறவி தமக்கென ஒதுக்கப்பட்ட சிறு இல்லத்தில் தனித்து வாழ்ந்து, பெரும்பாலும் தனித்து உண்டு, இறைச்சியை அறவே நீக்கி, நள்ளிரவில் எழுந்து கோவிலில் மற்றவர்களோடு சங்கீதங்களைப் பாடிவிட்டு மீண்டும் மௌனத்துக்குத் திரும்புகிறார். உரையாடலுக்கென்று வாரத்துக்கு ஒருமுறை மலைநடை உண்டு. இத்தகைய சபையின் பாரிஸ் மடத்துக்கு 1605ஆம் ஆண்டில் தேஸ்த்ரே என்னும் பிரபு ஒரு மூலிகை வடிநீரின் செய்முறைச் சுவடியை அளித்ததாகச் சபையின் மரபு கூறுகிறது. அச்சுவடி 18ஆம் நூற்றாண்டில் மலைமேலிருந்த தலைமை மடத்துக்கு வந்து, அங்கே சாராயச் செறிவு மிகுந்த மருந்தாக உருப்பெற்றது. அதிலிருந்து கிளைத்தவையே 55 விழுக்காட்டுப் பச்சை ஷார்த்ரூஸும், தேன் சாயலும் இனிப்பும் மிகுந்த, இன்று 43 விழுக்காட்டில் விற்கப்படும் மஞ்சள் ஷார்த்ரூஸும் ஆகும். இவை 'லிக்யூர்' எனப்படும் வகையைச் சேர்ந்தவை. அதாவது, வடித்த சாராயத்தில் மூலிகைகளின் சாரத்தை ஏற்றி, சர்க்கரையால் இனிப்பூட்டப்பட்ட மதுக்கள். 130 தாவரங்கள் சேரும் அந்தச் செய்முறையின் முழு வடிவத்தை அறிந்தவர்கள் ஓரிரு துறவிகளே. 1903ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசு துறவிகளை நாடுகடத்தியபோது அந்த அறிவும் அவர்களோடு எல்லை தாண்டி ஸ்பெயினின் தர்ரகோனா நகரில் அடைக்கலம் பெற்றது.

இன்பத்தைத் துறந்தவர்கள் பிறருடைய இன்பத்துக்கான பொருளைச் செய்யலாமா என்பதே இங்கு முதலில் எழும் ஐயம். 13ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், பெண்களின் அணிகலன்களைப் பற்றிய ஒரு விவாதத்தின் நடுவே, கைவினைஞரின் பொறுப்பைப் பொதுவாக வரையறுத்திருக்கிறார். பாவத்துக்கு மட்டுமே பயன்படக்கூடிய பொருளைச் செய்பவர் பாவம் செய்கிறார் என்றும், வாளும் அம்பும் போல நன்மைக்கும் தீமைக்கும் பயன்படக்கூடிய பொருளைச் செய்பவர் அச்செயலாலேயே குற்றவாளி ஆகிவிடுவதில்லை என்றும் அவர் பிரிக்கிறார். மது இரண்டாம் வகையைச் சேர்ந்தது என்பதை அவருடைய 'இறையியல் தொகை' வேறோர் இடத்தில் நிறுவுகிறது. மது தன்னளவில் விலக்கப்பட்டதன்று. நான்கு சூழல்களில் மட்டும் அது விலக்காகிறது. எளிதில் தீங்குக்கு ஆளாகும் உடலமைப்புள்ளவர் குடிப்பது, குடிப்பதில்லை என்று வார்த்தைப்பாடு, அதாவது கடவுளின் முன் உறுதிமொழி, கொடுத்தவர் குடிப்பது, அளவு கடந்து குடிப்பது, காண்பவருக்குத் துர்மாதிரிகையாகும்படி, அதாவது அவரைத் தீய வழிக்கு இடறச்செய்யும்படி குடிப்பது ஆகியவை அந்நான்கு சூழல்கள். இவற்றுள் மூன்றாவதே பெரிதும் பேசப்படுகிறது. வீட்டில் பருகுபவரைப் பொறுத்தவரை நான்காவது அதைவிடக் கனமானது. அந்நியர் எவரும் இல்லாத வீட்டில்தான் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் காண்பது ஒருநாளின் காட்சியன்று, நாள்தோறும் நிகழும் பழக்கம்.

அளவைப் பற்றிய மூன்றாம் நிபந்தனை மென்மதுவின் விஷயத்தில் தனிச் சிக்கல் கொண்டது. சாராயம் வாயில் எரிவதாக உணரப்படுவதற்குக் காரணம், மிளகாயின் காரத்தை உணரும் நரம்பு முனைகளையே அதுவும் தூண்டுவதுதான். இந்த எரிவு ஓர் இயற்கையான காவலாளி. விரைந்து குடிக்கவிடாமல் நாவே தடுக்கிறது. ஓக் மரப் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் மதுவிலிருந்து கடுமையான சில சேர்மங்கள் ஆவியாகவோ மரத்தில் படியவோ செய்ய, மரத்தின் வழியே புகும் காற்றும் மரத்திலிருந்து இறங்கும் வனிலா மணமும் சுவையை மென்மையாக்குகின்றன. லிக்யூரில் அந்த வேலையின் பெரும்பகுதியைச் சர்க்கரை செய்கிறது. ஆனால் எரிவு தணிந்த அளவுக்குச் செறிவு தணிவதில்லை. தேன் போல இறங்கும் மஞ்சள் ஷார்த்ரூஸ், 40 விழுக்காட்டில் புட்டியிலடைக்கப்படும் வழக்கமான விஸ்கியைவிடச் செறிவு கூடியது என்பதை நாவு ஒருபோதும் அறிவிக்காது. ஆகவே மென்மையைத் தேர்ந்தெடுப்பவர், தம்மை அறியாமலேயே, அளவு காக்கும் பொறுப்பை நாவிடமிருந்து வாங்கித் தம் அறிவிடம் ஒப்படைக்கிறார்.

அக்குவினாஸ் குடிவெறியை எடைபோட்ட முறை இந்த இடத்தில் வியக்கத்தக்க விதத்தில் பொருந்துகிறது. மதுவின் வலிமையை அறியாமல் மயங்கியவரிடம் அவர் பாவம் காணவில்லை. அளவு மிகுவதை அறிந்தும் அது மயக்கும் என்று எண்ணாதவரிடம் அற்பப் பாவத்தையும், இரண்டையும் அறிந்தே மயக்கத்தை விரும்பியவரிடம் ஆன்மாவின் அருள்வாழ்வை அழிக்கும் சாவான பாவத்தையும் அவர் காண்கிறார். புட்டியின் மேல் விழுக்காடு அச்சிடப்பட்டிருக்கும் காலத்தில் முதற்படியின் அறியாமையை எவரும் எளிதில் கோர முடியாது. மென்மதுவைத் தேர்பவர் மணத்துக்கும் வயதுக்கும் முன்னதாக அந்த எண்ணைப் படித்து, ஊற்றும் அளவை அதற்கேற்ப முதலிலேயே வரையறுத்துக்கொள்வது, நல்ல ரசனை என்பதோடு நின்றுவிடாமல் நேரடியான அறக்கடமையாகவும் ஆகிறது.

மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ட்டின் எதிர்ப்பு வேறு திசையிலிருந்து வருகிறது. 1797ஆம் ஆண்டில் வெளியான தம் அறவியல் நூலில் அவர், விருந்தில் பேச்சைக் கிளர்த்தும் திராட்சை மதுவுக்கு ஓரளவு இடம்தர முயன்று, வடித்த சாராயத்தையும் அபினையும் அதைவிடக் கீழானவையாக வைக்கிறார். அவை மனிதனைக் கனவுநிலையில் ஆழ்த்தி, வாய்மூடியவனாகவும் பிறரோடு ஒட்டாதவனாகவும் ஆக்குகின்றன என்பதும், மருந்தாக மட்டுமே அவற்றை ஏற்கலாம் என்பதும் அவருடைய வாதம். வீட்டில் தனியே அமர்ந்து பருகுபவரை இதைவிட நேராகத் தாக்கும் வாதம் மேலை அறவியலில் அரிது. இருந்தும், மௌனத்தையே குற்றச்சான்றாகக் கொண்ட இடத்தில் கான்ட் அவசரப்பட்டுவிட்டார் என்றே கருத வேண்டியிருக்கிறது. கார்த்தூசியரின் மௌனம் விழிப்பின் மௌனம். அவர்கள் பேசாதிருப்பது இன்னும் கூர்மையாகச் செவிமடுப்பதற்காக. அருந்துபவருடைய மௌனமும் அவ்வாறே இருக்க முடியும், மங்கலான மறதியாகவும் இருக்க முடியும். அழைத்தவருக்கு அவரால் உடனே முழுக் கவனத்தோடு விடை தர முடிகிறதா என்பதே இரண்டையும் பிரிக்கும் அடையாளம். முடியாத நிலை தொடங்குமிடத்தில் கான்ட்டின் கண்டனம் முழு வலிமையோடு பொருந்துகிறது.

கான்ட் திறந்துவைத்த மருந்து என்னும் வாயிலோ இன்று மூடப்பட்டுவிட்டது. ஷார்த்ரூஸ் மருந்தாகவே பிறந்தது என்றாலும், மதுவில் உடல்நலத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டில் அறிவித்திருக்கிறது. அக்குவினாசின் முதல் நிபந்தனை, தீங்குக்கு எளிதில் ஆளாகும் சிலரைப் பற்றியதாக இருந்த நிலைமாறி, எல்லாரையும் ஏதோ ஓரளவில் தொடுவதாகிவிட்டது. இதனால் மென்மது இனி நலத்தின் பெயரால் வாதாட முடியாது. சிறு தீங்கை அறிந்தே ஏற்கப்படும் இன்பமாகவே அது தன்னை முன்வைக்க வேண்டும். அந்த நேர்மை அறத்துக்கு இழப்பன்று.

இந்தப் பின்னணியில் கார்த்தூசியர் 2019ஆம் ஆண்டில் எடுத்து, 2023ஆம் ஆண்டில் வெளிப்படையாகத் தெரிவித்த முடிவு தனிக் கவனம் பெறுகிறது. உலகெங்கும் தேவை பெருகிக்கொண்டிருந்தபோது, தனிமைக்கும் செபத்துக்கும் உரிய காலத்தைத் தொழில் விழுங்கிவிடக் கூடாது என்பதற்காக, உற்பத்தியை இனிமேல் வளர்ப்பதில்லை என்று அவர்கள் எல்லை வகுத்தார்கள். அருந்துபவரிடம் மட்டுமே எதிர்பார்க்கப்பட்ட மட்டுமிதத்தை, போதும் என்று நிறுத்தத் தெரியும் அந்த நற்பண்பை, செய்பவரும் மேற்கொண்ட அரிய நிகழ்வு இது. ஆனால் அதன் விளைவாகக் கடைகளில் தட்டுப்பாடு தோன்றி, விலையும் பல இடங்களில் ஏறியிருக்கிறது. கார்த்தூசியரைக் கட்டுப்படுத்தாததும் மேலைத் துறவுக்கெல்லாம் முன்மாதிரியானதுமான புனித பெனடிக்டின் ஒழுங்குநூல், மடத்துப் பொருள்களை வெளியார் விற்பதைவிடச் சற்றுக் குறைந்த விலைக்கே விற்க வேண்டும் என்று விதித்தது, பேராசையின் நிழல்கூட மடத்தின்மேல் விழலாகாது என்பதற்காக. தம் செபத்தைக் காக்க வகுத்த எல்லை தம் பொருளைச் செல்வருக்கு மட்டுமே எட்டுவதாக ஆக்கினால் அதற்கு மடம் எவ்வளவு பொறுப்பேற்க வேண்டும் என்னும் வினாவை அக்குவினாசின் நான்கு நிபந்தனைகளும் தொடவில்லை.